குவாரித் தூசி: கணக்கில் வராத நம்ம இலைகள்

பெரிய கல்குவாரி வரப்போகுது என்றால் முதலில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். "தூசியெல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கும், அறிக்கையிலேயே போட்டிருக்கு" என்பார்கள். இன்னும் வராத குவாரியின் தூசியை எப்படி அளந்தார்கள்? அளக்கவில்லை, கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குக்கு அடிப்படை பெரும்பாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 'ஏபி-42' தொகுப்பு. ஒரு டன் கல் உடைத்தால் இவ்வளவு தூசி, டிப்பர் மண்ரோட்டில் ஒரு மைல் ஓடினால் இவ்வளவு என்று அதில் காரணிகள் உண்டு. எல்லாம் சராசரி. ஏறத்தாழ பாதி இடங்களில் உண்மைத் தூசி இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று அந்தத் தொகுப்பின் முன்னுரையே சொல்கிறது!

மண்ரோட்டுக் கணக்கைப் பாருங்கள். ரோட்டு மண்ணில் நைசான துகள் எத்தனை சதவீதம், வண்டி எடை எவ்வளவு, இந்த இரண்டும்தான் முக்கியம். நைஸ் மண் இரண்டு மடங்கானால் தூசியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போ நம்மூர் ரோட்டு மண்ணை அள்ளிச் சலித்துப் பார்த்தார்களா, வேறெங்கோ எடுத்த எண்ணை ஒட்டினார்களா? அடுத்தது தண்ணீர். லாரி தினமும் தெளிக்கும் என்று எழுதினாலே தாளில் தூசி பாதியாகிவிடும். கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் எந்தக் கிணற்றிலிருந்து தெளிப்பார்கள்?

இதையெல்லாம் சரியாகப் போட்டாலும் நம்ம பிரச்சினை அதில் இல்லை. 2009-ல் திருத்திய தேசியக் காற்றுத்தர அளவுகளில் தூசிக்கு இருப்பது பி.எம்.10, பி.எம்.2.5 மட்டுமே. இரண்டும் மனிதர் மூச்சுக்கான அளவுகள். முன்பு இருந்த மொத்த மிதக்கும் தூசிக்கான அளவை எடுத்துவிட்டார்கள். அதைவிடப் பருத்த தூசிதான் முருங்கைப் பூவிலும் மல்பெரி இலையிலும் படிகிறது, இலைத்துளையை அடைக்கிறது. மாட்டுத் தீவனத்தில் பல்லைக் கடிக்க வைப்பதும் அதுவே. கிரஷருக்கென்று 600 மைக்ரோகிராம் வரம்பு ஒன்று இருக்கு. அதை எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளப்பார்கள், நம்ம வயலில் அல்ல.

தமிழில் கொடுக்கும் சுருக்கத்தில் இந்தக் கணக்கு விவரம் இருக்காது. ஆங்கில அறிக்கையின் பின்னிணைப்பைக் கேளுங்கள். மண்துகள் சதவீதம், ஒரு நாளைக்கு எத்தனை டிப்பர் நடை, தண்ணீர் எங்கிருந்து, பயிரில் படியும் தூசி எவ்வளவு: இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் "மக்கள் வேலைவாய்ப்பு கேட்டனர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.