மஞ்சள் விளக்கை மறைக்காதீர்கள்

கோப்பாய்ச் சந்தியில் சாமான் இறக்கிவிட்டுப் புறப்பட்டபோது, விற்க நினைத்திருந்த என் பழைய காரின் டயர் விளக்கு ஒரு நிமிடம் மின்னிவிட்டு அணையாமல் நின்றது. அமுக்கம் பார்த்தேன், நான்கும் சரி. "விற்கிற கார்தானே, பல்பைக் கழற்றிவிடுவோமா?" என்றார் கராஜ்காரர். நான் சம்மதிக்கவில்லை.

வியாபார நண்பர்களே, விளக்கு மின்னாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. மின்னிய பின் நின்று எரிந்தால் சென்சர் அமைப்பில் கோளாறு. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சரின் பற்றரி பொதுவாக 5 முதல் 10 வருடம் உழைக்கும். பெரும்பாலும் பற்றரியை மட்டும் மாற்ற முடியாது. ஒன்று ஓய்ந்தால் அதே வயதுள்ள மற்ற மூன்றும் பின்னால் வரும்.

என் கணக்கு இதுதான். கார் 8 வருடம் கடந்து, டயரும் தேய்ந்திருந்தால், புது டயர் போடும் அன்றே நான்கு சென்சரையும் மாற்றுங்கள். கழற்றிப் பூட்டும் கூலி ஒரு தடவையோடு முடியும். டயர் புதிதென்றால் அவசரம் வேண்டாம். அமுக்கமானி ஒன்று வாங்கி, ஓட்டத்துக்கு முன், டயர் சூடேறாதபோது அளந்து பாருங்கள். புதுச் சென்சர் வாங்கும்போது பழையதன் அலைவரிசை 315ஆ 433ஆ என்று பார்த்தே வாங்குங்கள். மாறினால் கார் அதை அறியாது.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் கைமாறியவை பெரும்பாலும் பழைய கார்களே. பல்பைக் கழற்றி விற்றால், ஏ9 வீதியில் இரவில் பிள்ளைகளோடு போகிறவர் காற்றிறங்குவதை எப்படி அறிவார்? குறையைச் சொல்லுங்கள், விலையைக் குறையுங்கள். நம்பிக்கைதான் வியாபாரியின் முதல்.