பேட்டரியை மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்

‘‘விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக, பைக்கில் இரண்டு ஃபோகஸ் லைட் மாட்டினேன். ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?’’

- வாசகர், தாராபுரம்.

‘‘பெரும்பாலும் முடியும். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். இன்ஜின் நிற்கும்போது பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். குறைந்தால், முதலில் வெளியில் சார்ஜ் போட்டுவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, லைட்டுகளை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் கொதித்தே வற்றிவிடும்.

ஏறவே இல்லையென்றால், உடனே காயில் கட்ட ஓடாதீர்கள். காயிலிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பின் கருகியிருக்கும், அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். களிம்பைச் சுரண்டிவிடலாம், கருகியிருந்தால் கப்ளரையே மாற்றுங்கள். எர்த் வயர் போல்ட்டையும் இறுக்குங்கள். அதற்கும் ஏறாவிட்டால்தான் மெக்கானிக்.

சார்ஜிங் சரியாக இருந்தால், குற்றவாளி ஃபோகஸ் லைட்தான். 35 வாட் ஹாலஜன் இரண்டு என்றால், கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். வண்டிப்பாதையில் மெதுவாகப் போகும்போது காயில் அவ்வளவு தராது. மீதி பேட்டரியிலிருந்து போகும். பெரிய பேட்டரி போட்டும் பயனில்லை. தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் மோட்டார் கூடுதலாகவா இறைக்கும்? 10 வாட் எல்.இ.டி இரண்டு, தனி ரிலே, 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

வேலைக்கு முன் இன்ஜினை நிறுத்தி, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கி ‘டெஸ்ட்’ செய்வது வேண்டவே வேண்டாம். எஃப்.ஐ வண்டியில் இ.சி.யு போய்விடும்.’’