குப்பை வண்டி வராத லயத்துக்கு முறைப்பாடு மட்டும் வருகிறது

மானாப்புல் காய்ந்துவிட்டது. மேற்குப் பக்கத் தோட்டங்களுக்குத் தை, மாசி, பங்குனி என்றால் ஊவாப் பக்கத்துக்கு ஆனி தொடங்கி ஆவணி வரை. ஏதாவது ஒரு மலை எரியாத வருடம் நமக்கு நினைவில் இல்லை. எரிந்த மறுநாள் யாரை விசாரிப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். முதலில் லயத்து இளந்தாரிகள், அடுத்து விறகுக்குப் போன பெண்கள், அதற்கடுத்து மாடு வளர்ப்பவர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலைக்குத் தீ வைப்பவரை இந்தச் சங்கம் காப்பாற்றப் போவதில்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாட்டுக்காகக் கொளுத்துபவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பீலியில் நாம் பிடிக்கும் தண்ணீர் அந்த மலையின் ஊற்றிலிருந்துதான் வருகிறது. மேலே எரிந்தால் அடுத்த மழைக்குச் சாம்பலும் மண்ணுமாகப் பீலி கலங்கும், வெயிலுக்கு வற்றும். அப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது நம் வீட்டுப் பெண்கள்தான்.

ஆனால் நெருப்பைப் பற்றிய சட்டம் நம்மிடம் வந்து சேரும் விதத்தைப் பேசாமல் இருக்க முடியாது.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பிளாஸ்டிக் உள்ளிட்ட கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம். லயத்தின் பின்பக்கம் பொலித்தீனைக் கொளுத்தினால் அந்தப் புகை பத்துக் காம்பராவுக்கும் போகும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் போகும். பாடசாலையில் நாங்கள் அதைத்தான் படிப்பிக்கிறோம். படிப்பித்து முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழும்பிக் கேட்கிறது: "அப்போ எங்க போடுறது சேர்?" எங்களிடம் பதில் இல்லை. பிரதேச சபையின் ட்ரக்டர் பசாரோடு திரும்பிவிடுகிறது. ஆற்றில் போட்டால் ஒரு குற்றம், எரித்தால் இன்னொரு குற்றம், கானில் போட்டால் டெங்கு என்று பி.எச்.ஐ. வருவார்.

சபைகள் முன்பு ஒரு காரணம் சொல்லும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருக்கிறது என்பார்கள். வாக்குக் கேட்க மட்டும் அந்தப் பிரிவு தடையாக இருந்ததில்லை! 2018இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு சபைகளும் ஆறாகின. சபை கிட்ட வந்துவிட்டது. குப்பை வண்டி இன்னும் பல தோட்டங்களின் பெயர்ப்பலகையைத் தாண்டவில்லை.

விறகுக் கதை இதைவிடக் கசப்பானது. 2022இல் காஸ் கிடைக்காமலும், கிடைத்தபோது வாங்க முடியாமலும் போன பிறகு, சிலிண்டர் வைத்திருந்த வீடுகளும் அடுப்புக்குத் திரும்பின. எங்கள் பகுதித் தோட்டமொன்றில் இரண்டு பெண்கள் கவ்வாத்து மிலாறு கட்டிக்கொண்டு வரும்போது வாச்சரிடம் அகப்பட்டார்கள். முதல் வாரம் அவர்களுடைய புருஷன்மார் கவ்வாத்து வெட்டிய அதே மலை. களவு என்று பொலிஸில் முறைப்பாடு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இருவரும் ஒப்பமிட்டார்கள். விஷயம் கடைசியில் சமரசமாக முடிந்தாலும் அலைந்ததில் ஆளுக்கு மூன்று நாள் பேர் போனது. அந்த லயத்தில் "களவாணி" என்ற சொல் இன்னும் முடியவில்லை.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு பொருளை உரியவரின் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் களவு. தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் விட்டுக்கொடுத்த மிலாறில் அந்த எண்ணம் எங்கே இருக்கிறது? தீயும் அப்படித்தான். சேதம் விளைவிக்க வேண்டும் என்ற நோக்கமோ, விளையும் என்ற அறிவோ இருந்தால்தான் அது சொத்துக்குச் செய்த துரோகம். கவனயீனமாக நெருப்பைக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது வேறொரு குற்றம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "தோட்டத்து ஆட்கள் கொளுத்திவிட்டார்கள்" என்று எழுதுவதை நாம் ஏற்கக் கூடாது. அத்துமீறலுக்கும் தவறான நோக்கம் வேண்டும். மாமன் வீட்டுக்கு வந்த மருமகன் அத்துமீறியவன் அல்ல.

நமக்குள்ள சிக்கல், விறகுக்கான அனுமதி எப்போதும் வாய்ச்சொல்லாக இருப்பது. பழைய துரை சரி என்றார், புதிய துரை இல்லை என்கிறார். இடையில் அகப்படுபவர் சுமை தூக்கியவர்.

இன்னொன்றையும் கேட்கிறோம். தேயிலை மலை எரிந்தால் அன்றே முறைப்பாடு போகிறது. லயம் எரிந்தால்? ஒரே கூரை, பழைய வயர், ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே சாம்பல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போகும். "மின்னொழுக்கு" என்ற ஒரு சொல்லோடு அந்தக் கோப்பு மூடப்படும். அந்த வயரை மாற்றாமல் விட்டது யாருடைய கவனயீனம் என்று எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள்?

பொலிஸுக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். தலைவருக்குச் சொல்லுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. வாசித்து விளங்கப்படுத்தும் வரை ஒப்பமிட வேண்டாம். வழக்கானால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி கிடைக்கும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு தாள் எழுதி வர வேண்டும். குப்பை வண்டி எந்த இடத்தோடு திரும்புகிறது, அங்கிருந்து லயம் எவ்வளவு தூரம், விறகு எந்த மலையில் எடுக்கிறார்கள், யார் எப்போது அனுமதித்தார், எந்த லயத்தில் வயர் மோசம். விறகு அனுமதியை எழுத்தில் கேட்டுத் தோட்ட நிர்வாகத்திடமும், ட்ரக்டரைக் கேட்டு சபைத் தவிசாளரிடமும் அந்தத் தாள்களோடுதான் போகப் போகிறோம், மழை தொடங்குவதற்குள்.