வீடு வாங்க அட்வான்சா? முதல்ல அடிமனை யாருதுன்னு பாருங்க!

திருக்கடையூர்:
அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருஷம் பூரா கூட்டம் வரும் ஊர் திருக்கடையூர். இதுபோன்ற கோவில் ஊர்களில் வீடு வாங்குறவங்க ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. சுவரும் கூரையும் விற்பவருக்கு சொந்தமா இருக்கும். கீழே உள்ள மனை கோவிலுக்கோ, மடத்துக்கோ சொந்தமா இருக்கலாம். டெல்டாவில் இப்படி அடிமனை வாடகை கட்டி குடியிருப்பவர்கள் ஏராளம்.

இது தெரியாமல் நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு தட்டில் லட்சக்கணக்கில் அட்வான்சை வைத்து கொடுத்து விடுகிறார்கள். சம்பா அறுவடை காசு, சிங்கப்பூரில் பிள்ளை சம்பாதித்த காசு, நகையை அடகு வைத்த காசு எல்லாம் அந்த தட்டில்தான் போகுது. நல்ல நேரம் பார்க்கிறவங்க வில்லங்கம் பார்க்கிறதில்லை!

அப்புறம் பத்திரம் போட போனால் பதிவு கிடையாது. பதிவு சட்டம் 22-ஏ பிரிவுப்படி, அறநிலையத்துறை சட்டத்தின் கீழ் வரும் கோவில் நிலத்தை தடையில்லா சான்று இல்லாமல் பதிய முடியாது. பேங்க்கிலும் கடன் கிடைப்பது கஷ்டம். அட்வான்ஸ் வாங்கியவர் அதற்குள் தன் கடனை அடைத்திருப்பார். கேட்டால் "வந்துடும், வந்துடும்" என்பார்.

வில்லங்க சான்றை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். கட்டிடத்தை கைமாற்றிய பழைய பத்திரங்கள் மட்டும் அதில் இருக்கும், கோவில் பெயர் வராமலே போகலாம். பட்டா, 'அ' பதிவேடு இரண்டையும் ஆன்லைனில் காசில்லாமல் பார்க்கலாம். கோவில் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தை பதிவு செய்வது கட்டாயம். இன்னமும் பலர் புரோக்கரை சாட்சிக்கு வைத்து பத்திரத்தாளில் எழுதி பையில் வைத்துக் கொள்கிறார்கள். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும். அதே வீட்டுக்கு இன்னொருவர் அட்வான்ஸ் கொடுக்க வந்தால் அவர் கண்ணில் படும். பணத்தையும் பேங்க் வழியாகத்தான் கொடுக்கணும். 2015 ஜூன் முதல் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் விழும்.

தப்பு வாங்குறவர் பக்கம் இருந்தால் மொத்தமும் போச்சு. பெங்களூருவில் ஒருவர் 2007-ல் 20 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார். 4 மாதத்தில் பாக்கி தரவில்லை. பணம் தவறினால் அட்வான்ஸ் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதி இருந்தது. அது செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது.

ஆகவே, "கடன் கிடைக்காவிட்டால், பதிவு நடக்காவிட்டால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்பத் தரப்படும்" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து போடணும். அந்த வரியை எழுத விற்பவர் தயங்கினால், தட்டை எடுத்துக் கொண்டு எழுந்து வந்து விடலாம்.