யார் ஜாடை?

தமிழில் ‘எப்படி இருக்கார்?’ என்று ஒரே கேள்விதான். இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி வாசலில் கேட்டால், ‘தேவலை, ரெண்டு இட்லி சாப்பிட்டார்’. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்டால், ‘மாநிறம், லேசா வழுக்கை’. புது மேனேஜரைப் பற்றிக் கேட்டால், ‘ஐயோ, எரிஞ்சு விழறார்!’

இங்கிலீஷ்காரனுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. ‘ஹவ் இஸ் ஹி?’ என்றால் உடம்பு எப்படி. ‘வாட் டஸ் ஹி லுக் லைக்?’ என்றால் பார்க்க எப்படி. ‘வாட் இஸ் ஹி லைக்?’ என்றால் குணம் எப்படி. இந்தக் கடைசிக் கேள்வியில் ‘லுக்’ கிடையாது. அதை நான் கவனிக்காமல் போனதில் என் பெரியப்பா மகள் கல்யாணமே நின்று போயிருக்கும்.

மாப்பிள்ளையின் அத்தை டெல்லியிலிருந்து போன் செய்தார். நான்தான் எடுத்தேன். ‘வாட் இஸ் ஷி லைக்?’

‘ஃபைவ் ஃபோர், மேடம். வீட்டிஷ்.’

‘நோ, நோ... வாட் இஸ் ஷி லைக்?’

‘லாங் ஹேர், மேடம்!’

போனை வைத்துவிட்டார்கள். ‘குணத்தைக் கேட்டா பையன் மழுப்பறான். ஏதோ விஷயம் இருக்கு’ என்று அங்கே பேச்சாகி, பெரியப்பா நேரில் போய்த் தமிழில் விளக்கி, ஒருவழியாகத் தாலி ஏறியது. பந்தியில் எனக்கு இரண்டாவது ஜாங்கிரி வைக்க யாரும் முன்வரவில்லை.

‘லைக்’ என்ற வார்த்தைக்கும் எனக்கும் அதற்கு முன்பே பகை உண்டு. 2010-ல் பி.காம். முடித்து ஒரு கடையில் இருந்தேன். வேறு வேலைக்குப் போக எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கேட்டேன். முதலாளி, ‘நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்’ என்றார். ‘ஹி வொர்க்ட் லைக் அன் அக்கவுண்டன்ட்’ என்று அடித்துக்கொண்டு போனேன். இன்டர்வியூவில் ஒருவர் கண்ணாடியை இறக்கி, ‘அக்கவுண்டன்ட் மாதிரி வேலை பார்த்தீங்க, சரி. நிஜத்துல என்னவா இருந்தீங்க?’ என்றார்.

அந்த இடத்தில் ‘ஆஸ்’ வந்திருக்க வேண்டுமாம். ‘ஆஸ்’ என்றால் அதுவாகவே இருப்பது. ‘லைக்’ என்றால் அது மாதிரி இருப்பது. நான் அந்தக் கடையில் பில் போட்டேன், பார்சல் கட்டினேன், நாலு மணிக்கு டீ வாங்கி வந்தேன். யோசித்துப் பார்த்தால் சர்டிஃபிகேட்டில் இருந்ததுதான் உண்மை!

‘ரிஸெம்பிள்ஸ் டு’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட கதையெல்லாம் சின்னது. ‘ரிஸெம்பிள்’ பின்னால் ‘டு’ வராது, அவ்வளவுதான். ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்பதுதான் வேடிக்கை. நாம் ‘அப்பனை உரிச்சு வச்சிருக்கான்’ என்கிறோமே, அதற்கு அவர்கள் துப்பிவிட்டார்கள்! முதலில் ‘ஸ்பிட் அண்ட் இமேஜ்’ என்று இருந்து, அப்புறம் மருவியதாம். 1984-ல் பிரிட்டிஷ் டி.வி.யில் தலைவர்களை ரப்பர் பொம்மையாக்கிக் கேலி செய்யும் நிகழ்ச்சி ஒன்றுக்கு இதையே பெயராக வைத்தார்கள்.

2014-ல் என் அப்பா இறந்தார். பத்தாம் நாள், அவருடைய பழைய ஆபீஸர் துக்கம் கேட்கக் கும்பகோணத்துக்கு வந்திருந்தார். கூடம் முழுக்க உறவுக்காரர்கள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தவர், கையைப் பிடித்துக்கொண்டு, ‘யூ டேக் ஆஃப்டர் யுவர் ஃபாதர்’ என்றார்.

என் காதில் அது ‘லுக் ஆஃப்டர்’ என்று விழுந்தது. அப்பாவை நன்றாகக் கவனித்துக்கொண்டாயே என்கிறார்! மனசு அடித்துக்கொண்டது.

‘இல்ல சார்... அண்ணன்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டான். நான் மெட்ராஸ்லேர்ந்து மாசம் ரெண்டாயிரம் அனுப்பினதோட சரி. அதுவும் கடைசி நாலு மாசம் அனுப்பலை.’

கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. ‘சின்னவன் ஒண்ணாம் தேதி டாண்ணு அனுப்பிடுவான்’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஆபீஸருக்குக் காபி கொண்டுவந்தான்.

‘அதைச் சொல்லலைப்பா. அப்பா ஜாடை அப்படியே இருக்கேன்னு சொல்ல வந்தேன்’ என்றார் அவர்.

மெட்ராஸ் திரும்பியதும் முதல் வேலையாக டிக்‌ஷனரியைப் புரட்டினேன். ‘டேக் ஆஃப்டர்’ என்பது குடும்பத்தில் மூத்தவர்களைக் கொண்டு பிறப்பதைச் சொல்வது. மகன் அப்பாவை டேக் ஆஃப்டர் பண்ணலாம், அப்பா மகனைப் பண்ண முடியாது. முகத்துக்கு மட்டுமல்ல, குணத்துக்கும் சொல்லலாம் என்று போட்டிருந்தது. ஆபீஸர் ஜாடை என்று மட்டும் நிறுத்திக்கொண்டது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது, விட்டுப்போன எட்டாயிரத்தையும் அண்ணனிடம் கொடுக்க எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

‘டேய் பெரியவனே, இங்க பாரேன். எச்சில் தொட்டு எண்ணறது அப்படியே அவரேதான்!’