ஒட்டினால் மட்டும் போதுமா?

கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி இரண்டும் இல்லையென்றால் நம்மில் பாதிப் பேருக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டே இருக்காது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேர்டிலிருந்து வேர்டுக்கு ஒட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் டேட்டாபேஸ் ஃபார்மில் ஒட்டுவது வேறு சமாச்சாரம். அது டேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாளைக்கு வேறொருத்தர் அதைத் தேடுவார், வரிசைப்படுத்துவார், நம்பி ஒரு முடிவும் எடுப்பார்.

நம்ம ஊர் எஸ்.டி.டி. கோடையே எடுத்துக்கொள்வோம். 0452. எக்ஸெல்லில் சும்மா அடித்தாலே முன்னால் உள்ள சைபர் பறந்துவிடும். அக்சஸில் நம்பர் ஃபீல்டில் ஒட்டினாலும் அதே கதிதான். டெக்ஸ்ட் ஃபீல்டாக வைத்திருந்தால் பிழைத்தோம். ஃபீல்டுக்குப் பொருந்தாத ரெக்கார்டுகளை அக்சஸ் 'பேஸ்ட் எரர்ஸ்' என்று தனி டேபிளில் எடுத்து வைக்கும். அதை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

இதெல்லாம் சில்லறை. என் வயிற்றெரிச்சல் தமிழ்தான்.

சங்க உறுப்பினர் பட்டியல், கோயில் வரிவசூல் கணக்கு, கல்யாண மொய் நோட்டு என்று டி.டி.பி. சென்டர்களில் பழைய ஃபாண்டுகளில் அடித்த பெயர்கள் மலைபோல் கிடக்கின்றன. பாமினி ஃபாண்டில் 'மதுரை' என்று திரையில் தெரிகிறதே, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? கே, பெரிய ஜே, சின்ன ஐ, யு. நாலும் இங்கிலீஷ் எழுத்து! மேலே தமிழ் வேஷம். ஃபார்மில் ஒட்டியதும் ஃபாண்ட் மாறும், வேஷம் கலையும்.

"ரிப்போர்ட்டுக்கும் பாமினியையே போட்டுட்டா முடிஞ்சது" என்பான் ஒரு நண்பன். பிரிண்ட் அழகாகத்தான் வரும். அகர வரிசைப்படுத்திப் பாரு மாப்ளே! பாமினியில் 'ம' என்பது கே, 'அ' என்பது எம். ஆகவே மாரியம்மாளுக்குப் பின்னால்தான் அழகர்சாமி வருவார். சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. தேடும்போது அக்சஸ் சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்க்காது, இரண்டும் அதற்கு ஒன்றுதான். அடித்த வரிசையும் வேறு. 'ரை'யில் சங்கிலிக்கொம்பு முதலில், 'ர' பிறகு. யூனிகோடில் 'ர' முதலில். மாற்றித்தரும் புரோகிராம் இதையும் திருப்பிப் போட வேண்டும்.

யூனிகோடில் தமிழுக்கு இடம் 1991லேயே கிடைத்துவிட்டது. ஆனால் கம்பெனிக்கு ஒரு ஃபாண்ட், ஃபாண்டுக்கு ஒரு குறியீடு என்று நாம் ஓடினோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அந்த ஆண்டே டாம், டாப் என்று இரண்டு தரங்களை அரசு ஏற்றது. இரண்டும் 8 பிட்டுக்குள் அடைத்தவை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றார்கள். பிறகும் பழைய ஃபாண்டில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் அலைவது யார்? ஒட்டியவர் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, கையில் ரேஷன் கார்டோடு வரும் பாட்டி.

போட்டோவும் அப்படித்தான். ஓ.எல்.இ. ஃபீல்டில் ஒட்டினால் சின்னப் படம்கூடப் பெருத்துவிடும்; அக்சஸ் ஃபைலுக்கு எல்லை 2 ஜி.பி.தான். படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, டேபிளில் பாதையை மட்டும் எழுதுங்கள்.

டி.பி.எம்.எஸ். லேபில் எத்தனை வருஷத்துக்குத்தான் எம்ப்ளாயி டேபிளையே போட்டுக்கொண்டிருப்பது? பழைய ஃபாண்டில் உள்ள 100 பெயர்களைக் கொடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, அகர வரிசையில் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லட்டும். பட்டியலுக்குப் பஞ்சமில்லை. நம் பேரவையின் பழைய மாணவர் பட்டியலே அப்படித்தான் கிடக்கிறது.