இல்லச் செபம்: எட்டு நாட்களும் எதிர் வீடும்



பொங்கலுக்குச் சொந்த ஊர் போனவர்கள் திரும்பி, குமாரபாளையத்தில் தறிகள் மறுபடியும் இரையத் தொடங்கும் நாட்களிலேதான் ஆண்டுதோறும் கிறிஸ்தவ ஒன்றிப்புச் செப வாரம் வருகின்றது. சனவரி 18ஆம் நாள் தொடங்கி, புனித பவுலின் (நம் பாட்டிமாருக்கு அவர் சின்னப்பர்) மனமாற்றத் திருநாளாகிய 25ஆம் நாள் நிறைவுறும் அந்த வாரத்தை, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்போடு மறந்துவிடுபவர் நம்மில் பலர்.

1908ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கிரேமூர் என்னும் இடத்தில், அந்நாளில் ஆங்கிலிக்கன் சபையினராயிருந்த குரு பால் வாட்சன் இதனைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் தம் துறவியருடன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிரிந்த சகோதரரோடு சேர்ந்து செபிப்பதை ஊக்குவித்தது. 1968 முதல், உரோமையும் உலகச் சபைகள் மன்றமும் இணைந்து ஆயத்தம் செய்த செபங்களையே எல்லாச் சபையாரும் சொல்லி வருகின்றனர். ஒவ்வோராண்டும் ஒரு நாட்டுக் கிறிஸ்தவர்கள் அதன் முதல் வரைவை எழுதுவர்.

2013இல் அந்த முறை இந்தியாவுக்கு வந்தது. நூறாண்டு நிறைவு செய்திருந்த இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தார், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நமது அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பையும், இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றத்தையும் சேர்த்துக்கொண்டு அதை எழுதினர். தாஜ்மகாலையும் தாமரையையும் போட்டு அழகிய இந்தியாவை உலகுக்குக் காட்டியிருக்கலாம். அவர்களோ சாதியை எடுத்து வைத்தனர். தலித் மக்கள் படும் இழிவையும், அந்த இழிவு கோவிலுக்குள்ளும் நுழைந்துவிட்டதையும் மறைக்கவில்லை. மீக்கா ஆகமத்தின் ஆறாம் அதிகாரமே அவர்கள் தேர்ந்த வாசகம். ஆயிரக்கணக்கான ஆட்டுக்கிடாய்களும் ஆறாய்ப் பெருகும் எண்ணெயும் ஆண்டவருக்கு வேண்டுமோ என்று அங்கே ஒருவன் கேட்கின்றான். நீதி செய்வதும், இரக்கத்தை நேசிப்பதும், தாழ்மையோடு இறைவனுடன் நடப்பதுமே வேண்டும் என்பது விடை. ஆகவே எட்டு நாட்களுக்கும் எட்டு விதமான நடை வைத்தனர்: உரையாடி நடத்தல், விடுதலை நோக்கி நடத்தல், தடைகளைக் கடந்து நடத்தல் என்று.

நம் வீட்டுக் குறையை உலகத்தாரின் முன் வைத்து, அதற்காகச் செபியுங்கள் என்று கேட்பதற்குத் துணிவு வேண்டும். பல நாட்டார் கேட்டனர், செபித்தனர். நாம்? தொலைநாட்டுப் போர் நிற்கவேண்டுமென்று மன்றாடும்போது நமக்கு நா தடுமாறுவதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தை நினைத்தால் தடுமாறுகிறது. தமிழகத்துச் சில பங்குகளில் இறந்தோரையும் சாதி பார்த்துத் தனித்தனியே அடக்கம் செய்து வந்ததை நாம் அறிவோம். சி.எஸ்.ஐ. சபையாரோடு ஒன்றிப்பு தேடும் நாம், முதலில் ஒரே திருப்பலியில் நற்கருணை வாங்குவோர்க்குள் ஒன்றிப்புத் தேட வேண்டாமா?

குமாரபாளையத்து நிலையைப் பாருங்கள். மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிய தொழிலாளி, அது தீருமட்டும் வேறு பட்டறைக்குப் போக முடிவதில்லை. கூலியோ கடனை அடைக்கப் போதுவதில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். ஆயினும் கடன் கட்டிய கயிறு இன்னும் முற்றும் அவிழவில்லை. சிறு தறிக்காரரும் நூல் விலை ஏற, துணி தேங்க, வட்டி கட்டித் தவிப்பவரே, அதையும் மறைக்கலாகாது. ஒரே பங்கில் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அருகருகே முழந்தாளிட்டால், ‘நீதி’ என்ற சொல்லை இருவரும் எப்படி உச்சரிப்பது? இருவரும் உட்கார்ந்து கணக்கை ஒளிவின்றிப் பார்ப்பதும் அந்தச் செபத்தின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

வரும் சனவரியில் ஒரே ஒரு நாள், எதிர் வீட்டிலோ அடுத்த தெருவிலோ உள்ள பிற சபைக் குடும்பத்தை உங்கள் வீட்டுச் செபத்துக்கு அழையுங்கள். செபமாலை அவர்களுக்குப் பழக்கமில்லையானால் வேதவாசகமும் கர்த்தர் கற்பித்த செபமும் போதும். மன்றாட்டில் உலக அமைதிக்காக வேண்டிக்கொண்டபின், ஊரில் அநீதியால் வருந்தும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், அவர் புறப்படுமுன்னரே செபத்தைத் தொடங்கிவிடுங்கள்.